தீவகத்து வானில் ஓர் எண்

கடல் சூழ்ந்த நிலத்தில் வாழும் மக்களுக்குத் திங்களின் செலவை அறிதல் பொழுதுபோக்கன்று. அது வாழ்க்கையோடு பிணைந்த தேவையாகும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய யாழ்ப்பாணத் தீவுகளிலே ஆனி மாதத்துத் திருவிழாவுக்கு எந்நாளில் தோணி ஏறுவது, பெற்றோரின் திதியை எந்நாளில் நோற்பது, நிலவு எப்பொழுது எழும் என்பனவெல்லாம் திங்களைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் தீர்த்தம் பூரணையை ஒட்டி நிகழ்கின்றது. அதே தீவிலுள்ள நாக விகாரைக்கு வரும் பௌத்த யாத்திரிகர்களும் பூரணை நாட்களையே போற்றுகின்றனர். குறிகட்டுவான் துறையிலே ஒரே படகுக்காகக் காத்து நிற்கும் இரு சமயத்தாரையும் ஒரே திங்கள்தான் அழைத்து வருகின்றது.

இந்நாட்களைக் கூறும் பஞ்சாங்கம் வீடுதோறும் உண்டு. அதன் பக்கங்களைப் புரட்டுவோர் பலர். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று வினவுவோர் சிலரே. வாக்கிய பஞ்சாங்கத்தின் திங்கட் கணிதத்துக்கு அடிப்படையாக நிற்பது ஒரு முழுவெண். அது 1600984, அதாவது பதினாறு இலட்சத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கு. பார்வைக்கு எவ்விதச் சிறப்பும் இல்லாத இவ்வெண் எதனைக் குறிக்கின்றது, அதனுள் அடங்கிய கணிதம் யாது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை ஆராய்தல் பயனுடையது.

முதலில் இவ்வெண் எதனை எண்ணுகின்றது என்பதைக் காண்போம். ஆண்டு, மாதம், தேதி என்று நாம் காலத்தைக் கூறு செய்கின்றோம். மாதங்களின் நாட்கள் ஒன்றுபோல் அமைவதில்லை, ஆண்டுகளும் அவ்வாறே. ஆகையால் இரு தேதிகளுக்கு இடையே சென்ற நாட்களைக் கணக்கிடுதல் தொல்லை தருவது. பண்டைய கணிதர் இத்தொல்லையை எளிதில் நீக்கினர். கலியுகத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை முதலாக நாட்களை ஒன்று, இரண்டு என்று இடைவிடாது எண்ணிக்கொண்டே வந்தனர். இவ்வெண்ணுக்குக் கலிதினம் என்பது பெயர். மன்னர் மாறினும், சகாப்தங்கள் மாறினும், மாதப் பெயர்கள் மாறினும் கலிதினம் நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே செல்லும். 2000ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளின் கலிதினம் 1863079. அது இருபது இலட்சத்தை எட்டுவது 2374ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்திலேயே ஆகும்.

1600984 என்பதும் ஒரு கலிதினமே. கலியுகத்தில் 4383 ஆண்டுகள் நிறைந்து, அடுத்த ஆண்டின் இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்து ஐரோப்பிய வழக்கின்படி கூறினால் 1282ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள். மதுரையிலே மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி செலுத்திய காலம். வளர்பிறை முதிர்ந்து வைகாசிப் பூரணையை நெருங்கிக்கொண்டிருந்த அந்நாளின் சூரியோதயத்தில் வானில் ஒரு நிகழ்ச்சி பொருந்தியிருந்தது. திங்கள் புவிக்கு மிகச் சேய்மையான இடத்தில் நின்றது. இந்நிலையைச் சோதிட நூலார் மந்தோச்சம் அல்லது உச்சம் என்பர். உச்சத்தில் நிற்கும் திங்கள் மெல்ல நடக்கும். ஒரு நாளில் 12 பாகையும் செல்லாது. புவியை நெருங்கும்போது 15 பாகை வரை விரைந்து செல்லும். ஆதலால் உச்சத்தில் நின்ற ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டால், அதன்பின் திங்களின் நடை எவ்வாறு கூடிக் குறையும் என்பதை ஒழுங்காகக் கணிக்கலாம். சுமார் 1300ஆம் ஆண்டளவில் காஞ்சிப் பகுதியில் எழுந்ததெனக் கருதப்படும் ‘வாக்கியகரணம்’ என்னும் நூலின் மரபில் இவ்வெண் இத்தகைய தொடக்கமாக அமைந்தது.

இனி, எண்ணின் உள்ளமைப்பை நோக்குவோம். ஒரு முழுவெண்ணின் இயல்பை அறிய விரும்புவோர் அதனைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்ப்பர். 1600984 என்பதை 2 ஆல் மும்முறை வகுக்கலாம், கிடைப்பது 200123. அதனை 7 ஆல் வகுத்தால் 28589. அதனை 11 ஆல் வகுத்தால் 2599. இது 23ஐ 113 ஆல் பெருக்கிய பெருக்கம். ஆகவே 8, 7, 11, 23, 113 ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 1600984 கிடைக்கும். இவற்றுள் 7 என்பதே நமக்கு வேண்டியது. எண் 7 ஆல் மீதியின்றி வகுபடுவதால், கலித் தொடக்கத்திலிருந்து அந்நாள் வரை சரியாக 228712 வாரங்கள் கழிந்தன. கலி வெள்ளிக்கிழமையில் தொடங்கிற்று. எனவே 1282 மே 22ஆம் நாளும் வெள்ளிக்கிழமையே. எந்தக் கலிதினத்தையும் 7 ஆல் வகுத்து மீதியைக் கொண்டு கிழமை கூறலாம். மீதி இல்லையெனில் வெள்ளி, 1 எனில் சனி, 2 எனில் ஞாயிறு என்று வரும். 1863079ஐ வகுத்தால் மீதி 1. 2000ஆம் ஆண்டு சனிக்கிழமையிலேயே பிறந்தது. ஒரு மாணவன் சிலேட்டிலே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

தொடக்க நாள் கிடைத்துவிட்டது. அதிலிருந்து முன்னே செல்வது எங்ஙனம்? திங்கள் ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்தை அடைவதற்குச் சராசரியாக 27.55455 நாட்கள் ஆகின்றன. இது முழுவெண் அன்று. நாளோ முழுவெண்ணாகவே எண்ணப்படுகின்றது. சூரியோதயத்தில் தொடங்கிய சுற்று மறுபடியும் சூரியோதயத்தில் முடியாது, சூரியன் மறைந்த பின்னரே முடியும். ஆகவே பல சுற்றுகளைச் சேர்த்து, அவை முழு நாட்களோடு எங்கே பொருந்துகின்றன என்று தேடுதல் வேண்டும். பின்னத்தை வெல்வதற்கு முழுவெண்ணைத் தேடும் இத்தேட்டமே இக்கணிதத்தின் உயிர்நாடி.

9 சுற்றுகளுக்கு 247.99 நாட்கள், எனவே 248 நாட்களுக்கும் அவற்றுக்கும் உள்ள வேற்றுமை 13 நிமிடமே. 110 சுற்றுகளை எடுத்தால் 3031 நாட்களுக்கு மேல் ஏறக்குறைய 42 விநாடியே எஞ்சுகின்றது. எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் ஒரு நிமிடமும் நிறையாத வேற்றுமை! நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதளந்த காலத்தில் இத்துணை நெருக்கமான எண்ணைக் கண்டது வியப்புக்குரியது. அன்றியும் 3031 என்பது 7ஐ 433 ஆல் பெருக்க வருவது. ஆதலால் 3031 நாட்களுக்குப் பின் திங்கள் உச்சத்துக்கு மீளும்போது கிழமையும் பழைய கிழமையாகவே இருக்கும். மூன்றாவதாக 12372 என்னும் எண்ணும் கொள்ளப்பட்டது. இது புதிதாகக் கண்டதன்று; நான்கு 3031உம் ஒரு 248உம் சேர்ந்த தொகையே. அதில் 449 சுற்றுகள் அடங்கும். வேற்றுமை ஏறக்குறைய 10 நிமிடம்.

ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய காலத்தில் திங்கள் இராசி வட்டத்தில் எவ்வளவு இடம் பெயர்ந்திருக்கும் என்பதும் வகுக்கப்பட்டது. 248 நாட்களில், முழு வட்டங்களைக் கழித்தபின் 27 பாகை 44 கலை 6 விகலை. 3031 நாட்களில் 337 பாகை 31 கலை 1 விகலை. பின்னதை நான்கால் பெருக்கி முன்னதைக் கூட்டி முழு வட்டங்களை நீக்கினால் 297 பாகை 48 கலை 10 விகலை வரும். 12372 நாட்களுக்கு மரபு கூறும் அளவும் விகலை பிசகாமல் இதுவே. நாட்கள் எவ்வாறு கூடுகின்றனவோ அவ்வாறே பாகைகளும் கூடுகின்றன.

இவ்வெண்களை ஓலையில் எழுதிவைத்தால் ஒரு சுழி பிறழ்ந்தாலும் கணிதம் முழுவதும் கெடும். ஆகையால் எண்களைச் சொற்களாக்கி மனனம் செய்தனர். கடபயாதி என்னும் முறையிலே வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஓரிலக்கத்தைக் குறிக்கும். முதலெழுத்து ஒன்றாம் தானம், அடுத்தது பத்தாம் தானம் என்று கொள்ளல் வேண்டும். ‘தேவரம்’ என்ற சொல்லில் முதலெழுத்து 8, இரண்டாவது 4, மூன்றாவது 2, ஆகவே 248. ‘காலாநலம்’ என்பதில் 1, 3, 0, 3 என வர, 3031. ‘ரஸகைரிகம்’ என்பது 12372. தமிழ் நெடுங்கணக்கிலே ககர வருக்கம் நான்கும் ஓரெழுத்தாலேயே எழுதப்படுவதால், 1 ஆகிய ‘க’வும் 3 ஆகிய ‘க’வும் ஏட்டில் வேறுபடா. ஒலித்துக் கேட்டாலன்றி எண் தெளிவாகாது. ஆதலால் இக்கலை ஆசிரியரின் வாயிலிருந்து மாணாக்கரின் செவிக்குச் சென்றது. கிரந்த எழுத்து அதற்குத் துணைநின்றது. வாக்கியம் என்ற பெயரும் இதனாலேயே வந்தது. 248 நாட்களுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் அந்நாளில் திங்கள் பெயர்ந்த இடத்தைக் கூறும். அவை வரருசி இயற்றியவை என்பது மரபு.

இம்முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதற்கு ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாளின் கலிதினம் 1844120. 7 ஆல் வகுத்தால் மீதி 5, எனவே புதன்கிழமை. இதிலிருந்து 1600984ஐக் கழித்தால் 243136 எஞ்சும். அதனை 12372 ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி 8068. அம்மீதியை 3031 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 2006. அதனை 248 ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 22. ஈவுகளுக்குரிய பாகைகளைத் தொடக்க நாளின் பாகையோடு கூட்டி, இருபத்திரண்டாம் வாக்கியத்தின் அளவையும் சேர்த்தால், அன்று சூரியோதயத்தில் திங்கள் நின்ற இடம் கிடைத்துவிடும். பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஓர் எண் மூன்று வகுத்தல்களில் 22 ஆகச் சுருங்கிவிட்டது. தொலைநோக்கி வேண்டியதில்லை, வானத்தைப் பார்க்கவேண்டியதும் இல்லை.

இதன் உண்மையைச் சோதிக்கலாம். மீதி 22 என்றால், அன்று காலையில் திங்கள் உச்சத்தை விட்டு 22 நாட்கள் சென்றிருந்தது என்பது பொருள். இக்கால வானியலார் அறிந்த சராசரி வேகத்தைக் கொண்டு கணித்தாலும் 22 நாளும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நாளும் என்றே வருகின்றது. அவ்வேற்றுமையின் காரணமும் விளங்குகின்றது. இடையிலுள்ள நாட்களில் 3031 எழுபத்தெட்டு முறையும், 248 இருபத்தேழு முறையும் அடங்கியுள்ளன. முன்னதில் முறைக்கு 42 விநாடி. பின்னதில் எதிர்த்திசையில் முறைக்கு 13 நிமிடம். இவற்றைக் கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய 5 மணி நேரம் வருகின்றது. 666 ஆண்டுகளில் நேர்ந்த வழு இவ்வளவே. திங்களின் இடத்தில் இவ்வழு விளைக்கும் மாறுபாடு கால் பாகைக்கு மிகாது. வானில் நாம் காணும் திங்கள் வட்டத்தின் பாதியளவே அது.

இவ்வெண்களுள் சில தமிழர்க்கு மட்டும் உரியனவல்ல. 248 நாட்களில் 9 சுற்று, 3031 நாட்களில் 110 சுற்று என்பன வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த ‘பஞ்சசித்தாந்திகை’யில் காணப்படுகின்றன. எகிப்திலே கண்டெடுக்கப்பட்ட கிரேக்கத் தாட்சுவடிகளிலும் அவை உள்ளன. கடல்வழியே பொருள்களோடு எண்களும் பயணம் செய்தன என்பதற்கு இது சான்று.

ஐரோப்பியர் இம்முறையைத் தமிழரிடமிருந்து அறிந்த வரலாறும் கேட்கத்தக்கது. சூரிய வட்டத்தைச் சுக்கிரன் கடக்கும் அரிய காட்சியைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலார் லெ ஜென்டில் என்பவர் புதுச்சேரிக்கு வந்தார். 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாள் வந்தபோது மேகம் மறைத்தது. அவர் பட்ட பாடு வீணாயிற்று. ஆயினும் அங்கிருந்த காலத்தில் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதத்தைக் கற்றார். 1765 ஆகத்து 30ஆம் நாளின் சந்திர கிரகணத்தை அம்முறையால் கணித்தபோது, கிரகண காலம் 41 விநாடி குறைந்து வந்தது. ஐரோப்பாவில் சிறந்தனவாக மதிக்கப்பட்ட மேயரின் அட்டவணைகளோ 68 விநாடி கூட்டிக் காட்டின. மேகம் மூடிய வானத்திடம் பெறாததை அவர் ஒரு கணிதரின் நினைவாற்றலிடம் பெற்றார் எனலாம்.

1825ஆம் ஆண்டிலே சென்னையில் ‘காலசங்கலித’ என்னும் நூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் வேலையை நேரில் கண்டு எழுதினார். அக்கணிதர் கோள்களின் கொள்கையை அறியாதவர். சோகிகளை நிலத்தில் பரப்பி, மனனம் செய்த சொற்களை உச்சரித்துக்கொண்டே கணித்தார். அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தின் தொடக்கத்தை 4 நிமிட வேற்றுமையிலும், நடுவை 23 நிமிட வேற்றுமையிலும், முடிவை 52 நிமிட வேற்றுமையிலும் அவர் கூறினார் என்று கணித வரலாற்றாசிரியர் நொய்கெபவர் எடுத்துக்காட்டியுள்ளார்.

இவ்வேற்றுமைகள் ஈழத்திலும் விவாதத்தை எழுப்பின. ஊர்காவற்றுறைத் தீவுக்கு எதிர்க்கரையிலே, 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமாரால் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் மேனாட்டு வானியல் கற்பிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தைப்பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் கூறிய காலமும் அளவும் மேனாட்டுக் கணிதத்தோடு மாறுபட்டன. மிஷனரிமார் அதனைச் சமய வாதத்துக்குக் கருவியாக்கினர். ஆனால் ஒரு கணிதத்தின் வழு ஒரு சமயத்தின் தோல்வியாகாது. மற்றொரு கணிதத்தின் திருத்தம் ஒரு சமயத்தின் வெற்றியும் ஆகாது. கணிதத்துக்குக் கணிதத்தாலேயே விடை கூறுதல் முறை.

அவ்விடை யாது? திங்களின் நடையைக் கூட்டிக் குறைப்பது உச்சம் ஒன்றே என்று கொண்டு வாக்கியங்கள் அமைக்கப்பட்டன. உண்மையில் சூரியனின் ஈர்ப்பும் திங்களை அலைக்கின்றது. பூரணையிலும் அமாவாசையிலும் இவ்விரு காரணங்களும் சேர்ந்து விளைக்கும் அலைவு உச்ச நிலையில் ஏறக்குறைய 5 பாகை. வாக்கியங்கள் கொண்டிருப்பதும் அவ்வளவே. கிரகணங்கள் பூரணையிலும் அமாவாசையிலுமே நிகழ்வதால், அவற்றைக் கண்டு திருத்திய முன்னோர்க்கு அவ்வளவு பொருந்திற்று. ஆனால் பாதித் திங்கள் தோன்றும் அட்டமியை ஒட்டிய நாட்களில் அலைவு ஏழரைப் பாகை வரை செல்லும். வாக்கியத்தில் அடங்காத இரண்டரைப் பாகையைத் திங்கள் கடப்பதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம் வேண்டும். ஆகவே பிழை பிறந்த இடம் 1600984 அன்று, 3031உம் அன்று. எண்கள் தம் கடமையைச் செவ்வனே செய்தன. அவற்றிடம் கேட்கப்படாத ஒரு கேள்வியே விடையின்றி நின்றது.

இக்குறையை நீக்கி, தற்கால வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கப்படுவது திருக்கணித பஞ்சாங்கம். யாழ்ப்பாணத்தில் இரண்டும் வழங்குகின்றன. கொக்குவிலிலிருந்து வெளிவரும் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் குடும்பங்கள் உண்டு. திருக்கணிதத்தைப் பின்பற்றும் குடும்பங்களும் உண்டு. பூரணை நாளில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துச் செல்வதால் நயினாதீவுத் தீர்த்தத்துக்குச் செல்வோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. அட்டமித் திதியில் தந்தையை இழந்த குடும்பத்திலேயே அது புலப்படும். தாய் நெடுந்தீவில் ஒரு பஞ்சாங்கத்தைப் பார்க்கிறாள். மகன் கடல்கடந்த நாட்டில் வேறொன்றைப் பார்க்கிறான். ஐந்து மணி நேர வேற்றுமையால் தாய்க்குச் செவ்வாய், மகனுக்குப் புதன் என்று திதி பிரிந்துவிடுகின்றது. ஒரே தந்தைக்கு ஒரே குடும்பம் இரு நாட்களில் படையலிடுகின்றது. சிறு குழந்தையின் பிறந்த நட்சத்திரமும் எல்லைப்பொழுதில் இவ்வாறே மாறக்கூடும்.

இங்கே எவரையும் பழித்தல் தகாது. மரபுப்படி நாட்கொள்வோர் முன்னோர் கொண்ட நாளைக் கொள்கின்றனர். திருக்கணிதம் கொள்வோர் வானில் நிற்கும் திங்களைக் கொள்கின்றனர். ஆயினும் வேற்றுமையின் காரணத்தை அறிந்துகொண்டால் அது மனத்தாங்கலாக வளராது. ‘உங்கள் நாள் பிழை’ என்ற சொல்லுக்குப் பதிலாக, ‘இரு கணிதங்களும் எவ்விடத்தில் பிரிகின்றன’ என்ற கேள்வி பிறக்கும். குடும்பம் கூடிப் பேசி ஒரு நாளைக் கொள்வதற்கும் அவ்வறிவு வழிசெய்யும்.

இதற்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை. கழித்தலும் வகுத்தலும் அறிந்த மாணவருக்கு ஆசிரியர் ஒரு கலிதினத்தைக் கொடுத்து, கிழமையையும் மீதியையும் காணச் செய்யலாம். தம் பிறந்த நாளில் திங்கள் உச்சத்திலிருந்து எத்தனையாம் நாளில் நின்றது என்று காணும் பிள்ளைக்கு வகுத்தற் கணக்கு சுமையாகத் தோன்றாது. அன்றிரவு முற்றத்தில் நின்று திங்களைப் பார்க்கும்போது, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளிக்கிழமைக் காலையொன்றில் தொடங்கிய எண்ணிக்கை இன்னும் ஓயவில்லை என்பதையும் அப்பிள்ளை உணரும். நாளைச் சூரியோதயத்தில் அதனோடு ஒன்று கூடும்.